பக்கெட்டில் ஒட்டியிருந்த மண்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்குக் குடும்பத்தின் சார்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, அண்ணி என்னைத்தான் கை காட்டினார். மூன்று முறை மறுத்தேன். எனக்கு எழுத வராது என்றேன், வேலை நெருக்கடி என்றேன். உண்மைக் காரணம் வேறு. அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நான் அவருக்குச் செய்ததையும் எழுத வேண்டியிருக்கும். அண்ணியையும், அண்ணனின் நண்பர் சேகர் அண்ணனையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. இன்று பூசைக்கு வந்து இந்த மலரை வாங்கியிருக்கும் உங்களுக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். நான் அவருக்கு ஒன்பது வயது இளையவள். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டி எங்கள் இருவரையும் வளர்த்தார். மூன்றாம் படிவத்தோடு அண்ணன் பள்ளியை விட்டார். மறுநடவுக்காகத் தோட்டத்துக்கு வந்திருந்த குத்தகைக்காரரிடம் இயந்திரங்களுக்குக் கிரீஸ் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு லைசென்ஸ் எடுத்து எக்ஸ்கவேட்டர் ஓட்ட உட்கார்ந்தவர், ஐம்பத்து மூன்று வயது வரை அதை விட்டு இறங்கவில்லை. மலாய்க்காரர்கள் அதை ஜெங்காவுட் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘மெஷின்’. “மெஷின் எப்படி இருக்கு?” என்று அம்மா கேட்பது, மருமகளைப் பற்றி விசாரிப்பது போல இருக்கும்.

காடு திருத்தினார், கால்வாய் வெட்டினார், வீடமைப்புத் திட்டங்களுக்கு நிலம் சமன் செய்தார். வடக்கே ஒரு மாதம் என்றால் தெற்கே பண்டார் பாருவில் மூன்று மாதம். எங்கே இருந்தாலும் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்துவிடுவார். முழங்கால் வரை சேறு அப்பியிருக்கும். வந்தவுடன் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, திங்கட்கிழமைக்காக என் பள்ளிக் காலணிக்கு வெள்ளை பூசி வெயிலில் வைப்பார். நான் ஐந்தாம் படிவம் முடிக்கும் வரை அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வெள்ளைக் காலணி எனக்குள் ஏதோ செய்துவிட்டது போலிருக்கிறது. நான் சுத்தம் பார்க்கும் பைத்தியமாக வளர்ந்தேன். உறவினர்கள் என்னைக் கிண்டல் செய்வது எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகள் என் வீட்டு வாசலில் செருப்பை மட்டுமல்ல, காலையும் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும் என்று பேசிச் சிரிப்பீர்கள். வேலையும் அதற்கேற்றாற்போல் வாய்த்தது. சுங்கைப் பட்டாணியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தலை முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நிற்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்கிறேன். அங்கே ஒரு தூசி விழுந்தால் அது பெரிய குற்றம். அந்தக் குற்றத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

எனக்கு இருபத்திரண்டு வயதாகும்போது அம்மா இறந்தார். கடும் வெயில் காலம். தோட்டத்து இடுகாட்டில்தான் அடக்கம். நம் வழக்கப்படி பெண்கள் போகவில்லை. நான் வாசலில் மஞ்சள் தண்ணீர் வாளியோடு நின்றேன். இடுகாட்டு மண் ஒரு துளிகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அண்ணன் உடம்பெல்லாம் செம்மண்ணாக வந்தார். மற்றவர்கள் மேல் அவ்வளவு மண் இல்லை. ஏன் என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. அவர் கையைப் பிடித்து நகக்கண் வரை தேய்த்துக் கழுவிவிட்டேன். மறு கையையும் நீட்டினார்.

ஆண்டுகள் போயின. அண்ணனுக்குத் திருமணமாகி சுங்கைப் பட்டாணியில் வீடு வாங்கினார். நான் பாக்கார் ஆராங்கில், அவர் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், காலில் பட்ட ஒரு சின்னக் காயம் ஆறவில்லை. சர்க்கரை வியாதி அவரைப் பல காலமாகவே தின்றுகொண்டிருந்தது. பூட்ஸைக் கழற்றாமல் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்குக் காயம் பட்டதே தெரியவில்லை. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றாகிவிட்டது.

மருத்துவமனைக்கு அவருடைய முதலாளி வந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே கையளவு எக்ஸ்கவேட்டர். உலோகத்தில் செய்து, மஞ்சள் வண்ணம் பூசி, பளபளவென்று இருந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் மெஷின் ஓட்டியவருக்குக் கடைசியில் ஒரு பொம்மையா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. முதலாளி போன பிறகு அதைக் குப்பையில் போடப் போனேன். அண்ணன் என் கையிலிருந்து வாங்கி, சங்கிலிச் சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். மூட்டு மூட்டாக மடக்கிப் பார்த்தார்.

“அச்சு அசலா செஞ்சிருக்கான் பாப்பா. ஆனா இது ஒரு நாள் கூட வேல செய்யாத மெஷினு” என்றார்.

வீடு திரும்பிய பிறகு அதை வேலை செய்ய வைத்தார். அவர் செய்ததை நீங்கள் பலரும் பார்த்திருக்கிறீர்கள், என்றாலும் எப்படிச் செய்தார் என்பது தெரிந்திருக்காது. முதலில் வண்ணத்தைச் சுரண்டினார். எல்லா இடத்திலும் இல்லை. ஓட்டுபவர் ஏறும்போது பூட்ஸ் உரசும் படியில், கை பிடிக்கும் கம்பியில், கதவின் கீழ் விளிம்பில் மட்டும். மண் அள்ளும் பக்கெட்டின் பற்களைத் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக்கினார். மண்ணைக் கொத்திக் கொத்தி அந்த இடம் மட்டும் மினுக்காகிவிடும் என்றார். மூட்டுகளில் கருப்பு மை தொட்டுக் கிரீஸ் கசிய விட்டார். பழைய மின்கம்பியின் தோலை உரித்து எண்ணெய்க் குழாய் செய்தார். தன்னுடைய கைலியில் விரல்நகம் அளவு வெட்டி இருக்கையில் விரித்தார். ஓட்டுநர் அறைக்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதில் பழுப்பாக ஏதோ இருந்தது. ஐஸ் தே ஓ, அதாவது பால் விடாத ஐஸ் தேநீர் என்றார். ரப்பர் வளையமும் உறிஞ்சுகுழலும் கூட இருந்தன. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு முன்னால் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. முழுப் பொட்டாக வைத்தால் பூசை அன்றைக்கு எடுத்த படம் மாதிரி ஆகிவிடும், நமக்கு வேண்டியது பூசை முடிந்து இரண்டு மாதம் கழிந்த மெஷின் என்று விளக்கம் சொன்னார். 

அதற்கெல்லாம் மேலே மண். இதில்தான் அண்ணன் பிடிவாதக்காரர். கடையில் சேறு மாதிரியே வண்ணம் விற்கிறது என்று நான் காட்டினேன், சிரித்தார். சேகர் அண்ணன் மெஷின்களை ஏற்றிச் செல்லும் நீள லாரி ஓட்டுபவர். அண்ணனோடு இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம். அவர் எந்த வேலையிடத்துக்குப் போனாலும் ஒரு பையில் மண் கொண்டு வருவார். அண்ணன் அதைத் தேநீர் வடிகட்டியில் சலித்து, அண்ணியின் வாணலியில் வறுத்து, வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து, இன்சுலின் ஊசிக்குழலால் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டுவார். வாணலிக்காக அண்ணி போட்ட சண்டை அந்தத் தெரு முழுக்கத் தெரியும். 

பண்டார் பாரு ஆற்றோரத்து மண் காய்ந்தால் சாம்பல் நிறத்தில் வெடிக்கும், கோலா கெத்தில் மண் செங்கல் பொடி போலச் சிவந்து எண்ணெய்ப் பசையோடு ஒட்டும் என்று பாடம் எடுப்பார். சங்கிலிச் சக்கரத்துக்குள் மண் அடைய வேண்டும். பக்கெட்டின் உள் மூலைகளில் தங்க வேண்டும். கூரை மேல் சேறு இருந்தால் ஓட்டுகிறவன் கத்துக்குட்டி என்று அர்த்தம். கடையில் இன்னும் இரண்டு வாங்கி, இரண்டு ஆண்டில் மூன்று மெஷின்களை முடித்தார். அவருக்கு ஒரு கால் இல்லை என்பதே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்கு மறந்துவிடும்.

இனி நான் செய்தது.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. நெஞ்சுச் சளி முற்றி அண்ணன் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். அண்ணி அவரோடு. அவர்கள் திரும்பி வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்து வைக்கலாம் என்று நான் சாவியை வாங்கிக்கொண்டேன். சன்னல், மின்விசிறி, சாமி மேடை எல்லாம் முடித்துவிட்டு அந்த மேசைக்கு வந்தேன். விளக்கு ஏற்றும் வீட்டில் மூன்று மெஷின்கள் சேறும் கருப்புமாக நின்றன. அந்த மண் அவர் கையால் வைத்தது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பசை விட்டு ஒட்டியதை என் கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும், பண்டிகைக்கு மட்டும் கழுவி வைப்போம், அவருக்கு வேண்டுமானால் பிறகு பூசிக்கொள்ளட்டும், அவருக்குத்தான் பொழுது போக வேண்டுமே என்று நினைத்தேன்.

பாத்திரச் சோப்பும் பழைய பல் துலக்கியும் எடுத்துக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்து தேய்த்தேன். முதல் மெஷினின் பக்கெட்டில் மட்டும் மண் லேசில் போகவில்லை. உள் மூலையில் இறுகிக் கிடந்த சிவப்பு மண்ணைப் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்தேன். கழுவிக் காய வைத்து, மூன்றையும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்து, சுற்றிலும் வண்ண விளக்குச் சரம் போட்டேன்.

அண்ணன் சக்கர நாற்காலியில் உள்ளே வந்தார். பார்த்தார். அண்ணி என்னைப் பார்த்த பார்வையிலேயே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. அண்ணன் கோபப்படவில்லை. முதல் மெஷினைக் கையில் எடுத்து, பக்கெட்டின் மூலையில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

“நல்லா இருக்கு பாப்பா. புதுசு மாரி இருக்கு” என்றார். மெஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கழுவுன தண்ணிய எங்க ஊத்துன?” என்று கேட்டார்.

“லோங்காங்லதான்ணே. வேற எங்க ஊத்தறது?”

அவர் தலையை ஆட்டிவிட்டு மெஷினை இருந்த இடத்தில் வைத்தார். தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் குடத்திலா வைப்பார்கள் என்று நான் அண்ணியிடம் முணுமுணுத்தது நினைவிருக்கிறது.

தீபாவளி கழிந்து மற்ற இரண்டு மெஷின்களுக்கும் மறுபடி மண் பூசினார். முதல் மெஷினைத் தொடவில்லை. அதற்குக் கோலா கெத்தில் மண் வேண்டும், ஒரு நாள் காரில் கூட்டிப் போ என்று என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். டயாலிசிஸ் முடிந்து வாந்தி எடுப்பவரை அத்தனை தூரம் எப்படிக் கூட்டிப் போவது என்று நான் தட்டிக்கழித்தேன். அரை மணி நேரப் பயணம்தான். இரண்டாம் முறை கேட்டபோது வேலை நேர மாற்றத்தைக் காரணம் சொன்னேன். மூன்றாம் முறை, இடத்தைச் சொன்னால் நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

“நீ அங்க போவ முடியாது பாப்பா. நாந்தான் வரணும்” என்றார்.

வியாதிக்காரரின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம், தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வீடு கட்டும் இடத்தில் சிவப்பாக மண் குவித்திருந்தார்கள். காரை நிறுத்தி ஒரு டப்பா நிறைய அள்ளினேன். அதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, கோலா கெத்திலுக்குப் போய் வந்தேன் என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

அண்ணன் டப்பாவைத் திறந்தார். ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலால் உள்ளங்கையில் தேய்த்தார். வாழ்நாள் முழுக்க மண்ணைத் தோண்டியவர். என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் இன்று நிம்மதியாக இருப்பேன்.

“சரி பாப்பா. வை. அவ்வளவு தூரம் போய்ட்டு வந்திருக்க, சாப்ட்டுட்டு போ” என்றார்.

நான் சாப்பிட்டேன். அண்ணி மீன் குழம்பு வைத்திருந்தார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த டப்பாவை அவர் பிறகு திறக்கவில்லை. என்னைக் கூட்டிப் போ என்றும் கேட்கவில்லை. தைப்பூசம் முடிந்த மூன்றாம் வாரம் மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்த்தோம். இரண்டாம் நாள் பிற்பகல் நானும் அவரும் மட்டும் இருந்தோம். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். “அண்ணே, அந்த மண்ணு…” என்றேன். அவர் கண்ணை மூடியபடியே என் கையைத் தட்டிக் கொடுத்து, டப்பா மூடியை இறுக்கி மூடச் சொன்னார், ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் என்றார். நான் அதற்கு மேல் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் உயிர் பிரிந்தது. அண்ணி வீட்டு வழக்கப்படி தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தோம்.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சேகர் அண்ணன் அந்த மேசைப் பக்கம் போனார். முதல் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“பக்கெட்ட யாரு கழுவுனது? அதுல உங்கம்மா மண்ணுல்ல இருந்துச்சு” என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா இறந்த அன்று, வெயிலில் இறுகிய தரையில் இரண்டு பேர் காலையிலிருந்து சங்குல் மண்வெட்டி போட்டு வெட்டியும் இடுப்பளவு கூட இறங்கவில்லை. பக்கத்துப் பிரிவில் மறுநடவு வேலைக்கு நின்ற தன் மெஷினை அண்ணன் ஓட்டி வந்தார். அம்மாவுக்கான குழியை அவரே தோண்டினார். அவரே மண்ணைத் தள்ளி மூடினார். ஒரு கல் கூடப் பெட்டி மேல் சத்தமாக விழாமல், பக்கெட்டைத் தரையோடு தரையாக இறக்கி இறக்கித் தள்ளினாராம். அப்படி ஒரு கை ஓட்டத்தை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை என்றார் சேகர் அண்ணன். மறுநாள் பக்கெட் மூலையில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டி ஒரு தைலப் புட்டியில் போட்டு, மெஷினின் கருவிப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டார். இடுகாட்டு மண்ணை வீட்டுக்குள் கொண்டு வரக் கூடாதல்லவா? வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நான் நிற்பேனல்லவா? கால் போய், மெஷினும் கையை விட்டுப் போன பிறகு, அந்தப் புட்டியை வைக்க அவருக்கு வேறு இடம் இல்லை. கையளவு மெஷினின் பக்கெட்டில் அம்மாவை வைத்துக்கொண்டார். நான் பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துச் சாக்கடையில் ஊற்றினேன்.

நீ அங்கே போக முடியாது என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அழுதேன் என்று எழுதினால் போதாது. பாதியில் விட்ட இலைக்குத் திரும்பாமல் போய்ப் பின்கட்டில், மெஷின்களைக் கழுவிய அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணிக்கும் சேகர் அண்ணனுக்கும் அந்த டப்பா மண்ணின் கதையை அன்றே சொன்னேன். அண்ணி என்னைத் திட்டவில்லை. அண்ணனுக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னார். டப்பாவைக் கொடுத்த அன்று நான் புறப்பட்டுப் போன பிறகு, ‘பாவம், பாப்பாவுக்கு வேலைக் களைப்பு’ என்று அவர் சொன்னாராம்.

சென்ற மாதம் சேகர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு கோலா கெத்திலுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக இடுகாட்டுக்குள் காலை வைத்தேன். பெண் போகலாமா என்று இதைப் படிக்கும்போது முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். லாலாங் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. சேகர் அண்ணன் இடத்தைக் காட்டிவிட்டுத் தள்ளி நின்றார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன கரண்டியால் ஒரு புட்டி அளவு எடுத்தேன். உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பசையோடு ஒட்டியது. நான் கொடுத்த டப்பா மண்ணை அவர் ஏமாந்து வாங்கியிருக்க வாய்ப்பே இல்லை.

மண்ணை வறுக்க அண்ணியே வாணலியை எடுத்து வைத்தார். அண்ணன் மீதம் வைத்துப்போன ஊசிக்குழல் ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அண்ணன் செய்தது போல எனக்கு வரவில்லை. பசை அதிகமாகி, மண் ஒரு பக்கம் கட்டியாக நின்றது. கொஞ்சம் கூரை மேலும் சிதறிவிட்டது. கத்துக்குட்டி என்று அவர் சிரித்திருப்பார்.

அண்ணன் நோயுற்ற காலத்தில் டயாலிசிஸ் நிலையத்துக்குத் தவறாமல் கார் ஓட்டிய அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியர்களுக்கும், மெஷின் ஓட்டும் தோழர்கள் அனைவருக்கும், ஓர் ஆயுள் முழுக்க மண்ணும் வாணலியுமாக அவரைத் தாங்கிய அண்ணிக்கும், உண்மையை என்னிடம் மறைக்காமல் சொன்ன சேகர் அண்ணனுக்கும், இன்று வந்து பூசையில் கலந்துகொண்ட உங்கள் அனைவருக்கும் என் குடும்பத்தின் நன்றியைக் கைகூப்பித் தெரிவிக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முதல் மெஷினை அண்ணி எனக்குக் கொடுத்துவிட்டார். பாக்கார் ஆராங்கில் என் வீட்டுக் கூடத்தில், சாமி மேடைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு வருகிறவர்கள், இவள் வீட்டில் இப்படியொரு அழுக்கா என்று உதவி செய்யும் எண்ணத்தில் துணியை எடுக்கக்கூடும். தயவுசெய்து அதை யாரும் துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாப்பா